ஒரு முழம் தள்ளி நின்று

மே மாதம் பிறந்து தென்மேல் காற்று வீசத் தொடங்கினால், வெள்ளவத்தையில் எங்கள் காரின் முன் கண்ணாடியில் ஒவ்வொரு காலையும் ஒரு மங்கல் படிந்திருக்கும். வந்த புதிதில் அதைப் பனி என்று நினைத்தேன். கொழும்பில் ஏது பனி? ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட மகள் கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். பிறகு அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, உப்பு" என்றாள்.

எங்கள் ஒழுங்கை காலி வீதியில் தொடங்கி மரைன் டிரைவில் முடிகிறது. அதற்கு அப்பால் ரயில் பாதை, பாறைக் கற்கள், பிறகு கடல். அலை அந்தக் கற்களில் மோதிச் சிதறும்போது எழுகிற நீர்த்தூசியைக் காற்று எடுத்துக்கொண்டு வந்து கதவு, ஜன்னல், துணிக்கொடி, கார் என்று எல்லாவற்றிலும் பூசிவிட்டுப் போகிறது. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சித் தானாகக் கரையத் தொடங்கிவிடும். கொழும்பின் இரவுகளில் ஈரப்பதன் அதற்குக் கீழே இறங்குவது அருமை. அதாவது மழையே பெய்யாத நாளிலும், நிழலில் நிற்கிற காரின் இடுக்குகளில் உப்பு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. இரும்புக்கு இதைவிடக் கெட்ட காலம் இல்லை. அந்த உப்பிலிருந்து காரைக் காப்பாற்ற, தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சுகிற பிரஷர் வோஷர் ஒன்றை வாங்கிப் படித்துக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

எங்களுடையது 2004ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா. 121 என்று சொன்னால் இங்கே எல்லோருக்கும் தெரியும். இவ்வளவு பழைய காருக்கு இத்தனை பாடா என்று மனைவி கேட்பதுண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025இல்தான். அந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களுக்கு என்ன விலை போனது என்பதைக் கொழும்பில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதை விற்றால் இதே மாதிரி இன்னொன்றை எங்களால் வாங்க முடியாது. ஆகவே இருப்பதைக் காப்பாற்றுவது ஒன்றுதான் வழி. 2022இல் பெட்ரோல் இல்லாமல் கார் வாரக்கணக்காகக் கேற்றடியிலேயே நின்றது. எண்ணெய்ப் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்து, எண்ணெய் கிடைத்து, மறுபடி எடுத்தபோது பின் சில்லுகள் பிடித்துக்கொண்டு அசையவில்லை. குனிந்து பார்த்தேன். மட்காட்டின் உள் விளிம்பு முழுவதும் கறள். மேலே வெள்ளிப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. கீழே உப்பு இத்தனை நாளும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

அதுவரை மாதம் ஒருமுறை சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுப்பதோடு சரி. அங்கே தண்ணீரை நன்றாகத்தான் அடித்தார்கள். ஆனால் எனக்கு முன்னால் வந்த வேனின் சில்லைத் துடைத்த அதே துணியால் என் பொனட்டைத் துடைத்ததைக் கண்ணாலே கண்டேன். மாலையில் தெருவிளக்கின் கீழே நிறுத்திப் பார்த்தால், விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாக நுண்ணிய கீறல்கள். அழுக்கைத் துடைத்ததால் வந்த கீறல்கள் அவை. மணல் துணுக்கு ஒன்று துணியில் மாட்டிக்கொண்டால் அந்தத் துணி அரத்தாளாகிவிடும். காரின் மேல் கடைசியாகப் பூசியிருக்கிற நிறமற்ற படலத்தின் தடிப்பு ஏறக்குறைய 40, 50 மைக்ரோன். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்புக்கும் குறைவு. வெயிலையும் மழையையும் காக்கை எச்சத்தையும் தாங்கி நிற்பது அந்தப் படலம். அதைத் தேய்த்துத் தேய்த்துக் கரைத்துவிட்டால் பிறகு எந்தப் பொலிஷும் அதை மீட்டுத் தராது.

அப்போதுதான் ஒரு பிரஷர் வோஷர் வாங்குவதென்று முடிவு செய்தேன். பழைய சோனகத் தெருக் கடைகளில் இரண்டு சனிக்கிழமைகள் ஏறி இறங்கினேன். "எத்தனை பார் வேணும் அண்ணை?" என்பதுதான் எல்லாக் கடையிலும் முதல் கேள்வி. பார் என்பது அழுத்தத்தை அளக்கிற அலகு. இலக்கம் கூடினால் நல்லது என்று நானும் நம்பியிருந்தேன். வீட்டுப் பாவனைக்கு வருகிற சிறிய இயந்திரங்களில் 110 பார் என்று எழுதியிருக்கும். 110 பார் என்றால் கடலுக்குள்ளே ஏறக்குறைய 1100 மீற்றர் ஆழத்தில் இருக்கிற அழுத்தம். அது உச்சக் கணக்கு. வேலை செய்யும்போது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒரு காருக்கு அது தாராளம். 150, 160 பார் இயந்திரம் சீமெந்துத் தரைக்கும் பாசி பிடித்த மதிலுக்கும் உதவும். காருக்காக அந்தக் காசைக் கொடுக்க வேண்டாம் என்றுதான் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது. 1400 வொட் மோட்டர், நிமிடத்துக்கு 6 லீற்றர் தண்ணீர், திருகினால் அகலமும் ஒடுக்கமும் மாறுகிற நொசில், இவை போதும்.

இந்த 6 லீற்றர் கணக்கைப் பலர் நம்புவதில்லை. சத்தத்தையும் சீறலையும் பார்த்தால் தண்ணீர் அருவியாகக் கொட்டுவது போலத் தோன்றும். எங்கள் முற்றத்துப் பைப்பில் ஹோஸை மாட்டி 10 லீற்றர் வாளியை நிரப்பிப் பார்த்தேன். 50 வினாடி எடுத்தது. அதாவது நிமிடத்துக்கு 12 லீற்றர். முன்பெல்லாம் ஹோஸைத் திறந்து கீழே போட்டுவிட்டு 20 நிமிடம் தேய்ப்பேன். 240 லீற்றர் கானுக்குள் போய்விடும். இந்த இயந்திரத்தில் விசையை அழுத்தும்போது மட்டும்தான் தண்ணீர் வரும், விட்டால் மோட்டரும் நின்றுவிடும். ஒரு முழுக் கழுவலில் விசை அழுத்தியிருக்கும் நேரத்தைக் கூட்டினால் பத்து நிமிடம் தேறாது. அறுபது லீற்றருக்குள் வேலை முடிகிறது. களனி கங்கையில் அள்ளி அம்பத்தளையில் சுத்திகரித்து இவ்வளவு தூரம் கொண்டுவருகிற குடிநீரால்தான் நாங்கள் காரைக் கழுவுகிறோம். அது எனக்கு எப்போதும் மனதை உறுத்துகிற விஷயம். மின்சாரமும் பெரிதாகப் போவதில்லை. பத்து நிமிடத்துக்குக் கால் யூனிட்டுக்கும் குறைவு.

இயந்திரத்தைக் கொண்டுவந்த முதல் வாரமே ஒரு சேதம் நடந்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது சரியாகாது.

முன் பம்பரின் இடது மூலையில் தார் ஒட்டியிருந்தது. பெட்டியோடு வந்த சுழல் நொசிலை மாட்டினேன். ஊசி போன்ற ஒற்றைத் தாரையைச் சுழற்றியடிக்கிற நொசில் அது, தரையைக் கழுவுவதற்கென்று செய்தது. நாலு விரல் தூரத்தில் பிடித்து அழுத்தினேன். தார் போகவில்லை. அதற்குப் பக்கத்தில், கல் தெறித்து ஒரு அரிசியளவு பெயின்ட் உடைந்திருந்த இடத்தில் தண்ணீர் உள்ளே நுழைந்தது. என் கண் முன்னாலேயே உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் தோலுரிந்து பறந்தது. விசையை விட்டுவிட்டு அப்படியே நின்றேன். உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக்கும், பள்ளம் நிரப்பப் பூசிய வெள்ளைப் பட்டி கொஞ்சமும் தெரிந்தன.

அந்தப் பம்பர் எங்களுக்கு முன்னால் யாரோ இடித்து, யாரோ திருத்தி, மறுபடி பெயின்ட் அடித்தது. தொழிற்சாலையில் உலோக உடலுக்கு அடிக்கிற பெயின்டை 140 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் வேகவைத்து இறுக்குவார்கள். கராஜில் திருத்தி அடிப்பதற்கு அந்தச் சூடு கிடைப்பதில்லை. பிளாஸ்டிக்கின் மேல் என்றால், ஒட்டவைக்கிற அடிப்பூச்சு ஒன்றும் சரியாக அடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயின்ட் அங்கே பிடித்துக்கொண்டிருக்காது, சும்மா உட்கார்ந்திருக்கும். ஆனால் தவறு என்னுடையதுதான். ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தால் அந்தப் பெயின்ட் இன்னும் பத்து வருடம் அங்கேயே இருந்திருக்கும்.

இரவு ஒரு கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 பாகை விசிறியாக விரிகிற நொசிலை 5 சென்ரிமீற்றரில் பிடித்தால் தண்ணீர் விழும் பட்டையின் அகலம் 2 சென்ரிமீற்றர் சொச்சம். அதே நொசிலை 30 சென்ரிமீற்றருக்குத் தள்ளினால் 13 சென்ரிமீற்றர். அதே தண்ணீர், அதே மோட்டர், ஆனால் விழுகிற இடம் ஆறு மடங்கு அகலம். 40 பாகை விசிறி என்றால் அந்தத் தூரத்தில் ஒரு சாண் அகலம் வரும். அதோடு காற்றில் போகப் போகத் தாரை துளிகளாக உடைந்து வேகமும் குறைகிறது. ஆக அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உண்மையில் என் கையில், நான் நிற்கிற தூரத்தில் இருக்கிறது. இயந்திரத்தோடு வருகிற கைநூல்களில் பெயின்டுக்குக் குறைந்தது 30 சென்ரிமீற்றர் என்று அச்சிட்டிருக்கும். நான் எப்போதும் ஒரு முழம் தள்ளி நின்று தொடங்குகிறேன். போகாத அழுக்குக்காக மெல்ல அந்த 30 சென்ரிமீற்றர் வரை உள்ளே வருவேன், அதைத் தாண்டுவதில்லை. போகவே மாட்டேன் என்கிற அழுக்கைத் தண்ணீரோடு விட்டுவிட்டு ஊறவைக்கிறேன்.

ஊறவைப்பது என்பது நான் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. கோண்டாவிலில் எங்கள் அப்பாவிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராத தொண்ணூறுகளில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேட்டருக்குள் சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை தள்ளும். எங்கள் பக்கம் செம்பாட்டு மண். மழை நாளில் அந்தச் சேறு காரில் பட்டால் மருதாணி மாதிரிப் பிடித்துக்கொள்ளும். அப்பா கிணற்றில் அள்ளி வாளி வாளியாக மேலிருந்து ஊற்றுவார். ஊற்றிவிட்டுத் திண்ணையில் போய் இருந்து தேத்தண்ணி குடிப்பார். நான் துணியை எடுத்துக்கொண்டு ஓடினால், "தேய்க்காதை. ஊறட்டும். மண் தானா விடும்" என்பார். பிறகு மறுபடி ஊற்றுவார். கடைசியில்தான் அம்மா கிழித்து வைத்த பழைய வேட்டித் துண்டு வெளியே வரும். எங்கள் கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. உடனே துடைக்காவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே ஊற விடுவதில் இருந்த பொறுமை துடைப்பதில் இராது. ஓட்டமாக ஓடித் துடைப்பார்.

இந்த இயந்திரம் எனக்குத் தருவது அதையேதான். தொடாமல் மண்ணை இறக்குவது. அப்பாவுக்கு இருபது வாளி செலவானது எனக்கு மூன்று நிமிடத்தில் ஆகிறது.

சரி, இப்போது ஞாயிற்றுக்கிழமை நான் செய்கிற முறை. எட்டரை மணிக்கு முன் தொடங்குவதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கத்து அன்ரி முதல் வாரமே கேற்றடிக்கு வந்து, "தம்பி, உந்தச் சத்தத்துக்கு எனக்கு நெஞ்சு படபடக்குது. பூசை முடியட்டும், பிறகு போடுங்கோ" என்று கேட்டுக்கொண்டார். நியாயமான கேள்வி. ஒழுங்கைக்குள் மதிலும் தொடர்மாடியும் நெருங்கி நிற்பதால் சத்தம் இரண்டு மடங்காகத் திரும்பும். பத்தரைக்கு மேல் போர்ட்டிக்கோவுக்குள் வெயில் வந்துவிடும். சூடான பொனட்டில் ஷாம்பு காய்ந்து திட்டுத் திட்டாய்ப் பிடிக்கும். ஆக இரண்டு மணித்தியாலம்தான் எனக்குக் கிடைக்கிற நேரம்.

தண்ணீரை நேரடியாகப் பைப்பிலிருந்து எடுப்பதில்லை. எங்கள் தண்ணீர்த் தாங்கி ஒரு மாடி உயரத்தில் இருக்கிறது. 10 மீற்றர் உயரத்துக்கு 1 பார் என்று பார்த்தால், நாலு மீற்றர் உயரத்துத் தாங்கி அரை பார் கூடத் தராது. அந்தச் சோர்வான ஓட்டத்தில் ஹோஸை மாட்டியபோது, மோட்டர் விக்கி விக்கி ஓடியது. தாரை ஒருமுறை சீறியது, ஒருமுறை தொய்ந்தது. பம்புக்குள் காற்று போனால் வருகிற சத்தம் அது, அப்படியே விட்டால் பம்பின் வாஷர்கள் தேய்ந்துபோகும். இப்போது நீல பிளாஸ்டிக் பெரல் ஒன்றின் அடியில் பைப் வைத்து, சீமெந்துக் கல்லின் மேல் ஏற்றி, வேலைக்கு முன்னமே நிரப்பி வைக்கிறேன். பெரலிலிருந்து பம்புக்கு வருகிற குழாய் கொஞ்சம் தடித்த வகை, உறிஞ்சும்போது சப்பையாகாது. உள்ளே ஒரு வடி இருக்கிறது. கரண்ட் போடுவதற்கு முன் பைப்பைத் திறந்து, விசையை அழுத்திப் பிடித்து, குமிழி நின்று தண்ணீர் ஒரே சீராக வரும்வரை காத்திருப்பேன். அந்த ஒரு நிமிடத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டு இயந்திரங்கள் சீக்கிரம் செத்துப்போவதற்கு அது ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

கரண்ட் விஷயத்தில் நான் கண்டிப்பு. ட்ரிப் சுவிட்சில் இருக்கிற டெஸ்ட் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று முதலில் பார்ப்பேன். 30 மில்லி அம்பியர் மின்சாரம் கசிந்தாலே விழுந்து கரண்டைத் துண்டிக்கிற வகை அது. நீட்டிப்பு வயர் பாவிப்பதென்றால் 10 மீற்றருக்குள் 1.5 சதுர மில்லிமீற்றர் வயராவது வேண்டும், அதற்கு மேலே 2.5. சுருளில் சுற்றியபடியே ஓடவிட்டால் உள்ளே சூடேறும், ஆகவே முழுவதையும் இழுத்து விரித்துவிட வேண்டும். பிளக்கும் சொக்கெட்டும் சேருகிற இடம் தரையில் கிடக்கக்கூடாது. நான் அதை ஒரு கதிரையின் மேல் வைக்கிறேன். வெறுங்காலோடு கார் கழுவுவது எங்கள் வழக்கம், அப்பாவும் அப்படித்தான். இந்த இயந்திரத்தோடு அது ஆகாது. றப்பர் சப்பாத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். கரண்டுக்காக மட்டுமல்ல. இந்தத் தாரை கிட்டத்தில் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே தசை நாசமாகியிருக்கும். அப்படி ஒன்று நடந்தால் வலி இல்லை என்று வீட்டில் இருக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்ணீர் பீய்ச்சுகிற கன்னைத் தொட மகளுக்கு அனுமதி இல்லை. அவளுக்கு ஷாம்பு வாளி.

முதலில் சில்லுகள். பிரேக் தூசும் தாரும் அங்கேதான் மோசம், அதைக் கடைசியில் கழுவினால் தெறித்துக் கழுவிய கதவில் படும். டயரின் பக்கச் சுவருக்கும் காற்று அடைக்கிற வால்வுக்கும் கிட்ட வரவே கூடாது. தண்ணீர்த் தாரை றப்பரை உள்ளே பலவீனமாக்கும். டயரில் நிறம் மாறினால் அதுதான் முதல் அடையாளம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதாக ஒடித்துவிட்டால் முன் மட்காட்டின் உட்பக்கம் நன்றாகத் திறக்கும். பிறகு மறுபக்கம் ஒடித்து அடுத்தது. நான் இந்த இயந்திரம் வாங்கியதன் உண்மையான பயன் இங்கேதான். கூரையும் பொனட்டும் அழுக்கானால் கண்ணுக்குத் தெரியும், யாராவது துடைப்பார்கள். மட்காட்டின் மடிந்த விளிம்புக்குள் சேறும் உப்பும் சேர்ந்து அடைபோல இருப்பதை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. ஈரத்தை அது பஞ்சுபோலப் பிடித்து வைத்திருக்கும். முதல் முறை அடித்தபோது என் காலடியில் விழுந்த சேறு ஒரு மண்வெட்டி அளவு இருந்தது. அதில் பாதி மணல்.

கதவுகளின் கீழ் விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்குகிற மழை நீர் வெளியேறுவதற்காக வைத்தவை. எங்கள் காரில் நாலில் மூன்று கதவுகளில் அவை அடைத்திருந்தன. விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றால் குத்தினேன். தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் கொட்டியது. எத்தனை மாதம் உள்ளே நின்றதோ. துளைக்குள் இயந்திரத்தால் அடிக்க வேண்டாம், வாளியால் மெல்ல ஊற்றினால் போதும். ஈர்க்குத்தான் இதற்கு ஏற்ற கருவி, வளையும், பெயின்டைக் கீறாது.

காரின் அடிப்பக்கம் முழுவதையும் வீட்டில் கழுவ முடியும் என்று நான் சொல்லமாட்டேன். ஜக்கில் ஏற்றி அடியில் படுத்துக் கழுவுவது உயிரோடு விளையாடுகிற வேலை. பக்கவாட்டில் குனிந்து, கதவுப் படிக்கு அடியில் சாய்வாக அடிப்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்விஸ் ஸ்டேஷனில் ஹொயிஸ்டில் தூக்கி அண்டர் வோஷ் செய்விக்கிறேன், மேலே துணி வைக்க வேண்டாம் என்று சொல்லி.

சில்லுகள் முடிந்த பிறகு உடம்பு. வெறும் தண்ணீர், ஒரு முழத் தூரம், கூரையிலிருந்து கீழே. நேர் செங்குத்தாக அடிக்காமல் சாய்வாக அடித்தால் மண் தள்ளிக்கொண்டு போகும். கதவு றப்பர்களின் விளிம்பில், கண்ணாடி ஓரத்தில், பெயர்ச்சின்னத்தில், கல் பட்டு உடைந்த இடத்தில், திருத்தி அடித்த பம்பரில் தாரையை நிறுத்தாமல் கடந்துபோக வேண்டும். முன் கிறில்லுக்குள் கிட்ட அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மடிந்துபோகும். வைப்பருக்கு அடியில் கிடக்கிற மாவிலைகளைக் கையால் பொறுக்குவேன், அதற்குக் கீழேதான் கார் உள்ளே காற்றை எடுக்கிற வழி. பொனட்டைத் திறந்து இஞ்சினுக்கு அடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். வேண்டாம். ஹைப்ரிட் என்றால் நினைக்கவே வேண்டாம்.

பிறகு நுரை. ஷாம்புவைக் கலந்து நுரைப் போத்தலை மாட்டி அடித்தால் கார் பால் பொங்கியது மாதிரி நிற்கும். நாலைந்து நிமிடம் விட்டால் நுரை அழுக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கும். காயவிடக் கூடாது. பாத்திரம் கழுவுகிற திரவத்தை இதற்குப் பாவிக்க வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கைப் போலவே மேலே பூசிய மெழுகையும் கழற்றிவிடும். கார் ஷாம்பு ஒரு போத்தல் எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் வருகிறது. குறைவாகப் பாவிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் கானில் போகிற தண்ணீர் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் கடலுக்குத்தான் போகிறது. கிரீஸ், எண்ணெய் கழுவுகிற வேலை எதையும் வீட்டில் செய்வதில்லை.

வௌவால் எச்சம் மட்டும் நுரைக்கும் அசையாது. பக்கத்து வளவு ஜம்பு மரத்தில் இரவெல்லாம் அவை பழம் தின்கின்றன. அதன் மேல் ஈரத் துணி ஒன்றைப் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பேன். திரும்பி வரும்போது தானாகக் கழன்றிருக்கும்.

இதற்குப் பிறகுதான் கை படுகிறது. இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு கதவைத் துடைத்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசி, மண்ணை அங்கே விட்டுவிட்டு, பிறகுதான் ஷாம்பு வாளிக்குள் போக வேண்டும். இந்த இரண்டாவது வாளியின் காவல்காரி மகள். அலசாமல் போனால் கையைப் பிடித்து நிறுத்துவாள். சில்லுக்கு வேறு துணி, அது இந்த வாளிகளின் பக்கமே வராது. கடைசியாக இன்னொருமுறை தண்ணீர், மேலிருந்து கீழே. பிறகு தடித்த மைக்ரோஃபைபர் துணியை விரித்து, அழுத்தாமல் இழுத்து ஈரத்தை எடுத்துவிடுவேன். கொழும்புத் தண்ணீர் மென்மையானது, எங்கள் ஊர்க் கிணற்று நீர் மாதிரி வெள்ளைப் புள்ளி போடாது. ஆனாலும் அப்பாவின் அந்த ஓட்டம் என் கையிலும் இருக்கிறது.

கழுவியவுடன் காரை நிறுத்தி வைக்கக் கூடாது என்பதை 2022இல் படித்துக்கொண்டேன். ஈரமான பிரேக் தட்டு ஒரு இரவிலேயே செம்மஞ்சளாகும். ஹவ்லொக் வீதிப் பக்கம் ஒரு சுற்றுப் போய், இரண்டு மூன்று முறை பிரேக்கை மெல்ல அழுத்தி, சூட்டில் காயவைத்துக்கொண்டு திரும்புகிறேன். மரைன் டிரைவ் பக்கம் அன்றைக்குப் போவதில்லை.

வந்த பிறகு இயந்திரத்தின் சுவிட்சை அணைத்து, பைப்பை மூடி, விசையை ஒருமுறை அழுத்தி உள்ளே நிற்கிற அழுத்தத்தை வெளியேற்றுவேன். பெரலில் மிச்சமிருக்கிற தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு அதைக் கவிழ்த்து வைக்கிறேன். டெங்கு நுளம்பு முட்டையிடுவது இப்படித் தேங்கி நிற்கிற தெளிந்த தண்ணீரில்தான். மழைக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வீடு வீடாக வந்து பூச்சட்டியைக் கூடத் தூக்கிப் பார்ப்பார்கள். அவர்கள் வராவிட்டாலும் இந்த ஒழுங்கையில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இடது பின் மட்காட்டில் இன்னும் ஒரு வேலை பாக்கி. சேறு முழுவதும் போன பிறகுதான் கறளின் உண்மையான அளவு தெரிந்தது. ஆறு அங்குல நீளம், ஓட்டை விழவில்லை. கம்பித் தூரிகையால் சுரண்டி, கறளை நிறுத்துகிற பூச்சுப் பூசி, பிரைமர் அடிக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் மழையில்லாமல், காற்று கரைப் பக்கம் வீசாமல் இருக்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் பொருட்களை வாங்கி வைத்துவிட்டேன். தினமும் காலையில் முன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.